ராத்திரி யார் விழித்திருப்பது?



பிப்ரவரியின் கடைசி நாளை அரிய நோய்கள் தினம் என்கிறார்கள். 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கிய வழக்கம். அது லீப் வருடம். நாலு வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் 29-ஆம் தேதியைப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். நம் பெங்களூரில் இதையொட்டி ‘ரேஸ்ஃபார்செவன்’ என்று ஓர் ஓட்டம் நடக்கிறது. ஏழு கிலோமீட்டர். அரிய நோய்கள் ஏறக்குறைய 7,000 என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் நோய்க்கு ஒரு கிலோமீட்டர். கூட்டத்தில் பாதிப்பேர் ஓடுவதில்லை, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.

நடத்துவது ‘ஆர்கனைசேஷன் ஃபார் ரேர் டிசீசஸ் இந்தியா’ என்ற பெங்களூர் அமைப்பு. அதை நிறுவியவர்களில் ஒருவர் பிரசன்னா ஷிரோல். இந்தியாவில் பாம்பே நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது அவருடைய மகளுக்குத்தான். (பம்பாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1932-இல் இந்த நோயை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது.) தசைக்குள் சேரும் சர்க்கரைச் சத்தை உடைக்கிற ஒரு என்சைம் உடம்பில் இல்லாமல் போவதால் வரும் நோய். கைகால் தளரும், பிறகு மூச்சு தளரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த என்சைமை ரத்தக்குழாயில் ஏற்றவேண்டும், ஆயுள் முழுவதும். அந்தப் பெண் மூச்சுக் கருவியோடு பள்ளிக்குப் போனார், கல்லூரியிலும் படித்தார். 2023-இல், 24 வயதில் காலமானார். அவரைப்போன்ற மற்ற பிள்ளைகளுக்காக அவர் பெற்றோர் தொடங்கிய வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மாத இதழின் நடுப்பக்கங்களை அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கொடுத்திருக்கிறோம். “மகிழ்ச்சியா ஏதாவது போடக்கூடாதா?” என்று அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கட்டுரைகளைப் படித்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கங்களில் நிறையச் சிரிப்பும் இருக்கிறது.

பெங்களூரின் ஓசூர் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நிம்ஹான்ஸ் மருத்துவமனை, அதன் அருகே இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனை. வராந்தாவில் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் தெலுங்கும் காதில் விழும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் வந்து சீட்டுப் போட நிற்பவர்கள். ஒவ்வொரு அம்மா கையிலும் ஒரு ஃபைல். பாதி ஃபைலில் இருப்பவை தப்பான பதில்கள்.

டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு வருகிறது. பையன் லேட்டாக நடக்கிறான். “அவங்க அப்பாவும் லேட்டுதான்” என்கிறார் பாட்டி. கெண்டைக்கால் உருண்டு திரண்டிருக்கிறது. பயில்வான் மாதிரி இருக்கான் என்று எல்லோருக்கும் பெருமை. தசை அழிந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துதான் அப்படித் திரண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மாடிப்படி ஏறத் திணறுகிறான். சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான். தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறி நிற்கிறான். லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவர் 1879-லேயே எழுதிவைத்த அடையாளம் இது. நம் ஊரில் அதைப் பார்த்துவிட்டுச் சத்து டானிக் எழுதிக்கொடுத்து அனுப்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்கள் ஏறியிருந்தால் ஈரல் நோய் என்று சொல்லி ஒரு வருடம் அந்தப் பக்கம் போய்விடும். அந்த என்சைம்கள் ஈரலிலிருந்து மட்டுமல்ல, சிதையும் தசையிலிருந்தும் கசியும். சிபிகே என்கிற ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதிக்கொடுத்திருந்தால் சந்தேகம் அன்றைக்கே சரியான இடத்துக்கு வந்திருக்கும். சின்ன லேபில்கூட செய்யலாம்.

நோயின் பெயர் தெரிந்த நாள்தான் மோசமான நாள் என்று நினைத்திருந்தேன். நாங்கள் பேசிய அம்மாக்களில் சிலர் அப்படிச் சொல்லவில்லை. “அன்னைக்கு அழுதேன். ஆனா அதுவரைக்கும் ‘உனக்குப் புள்ள வளக்கத் தெரியல’ன்னு சொன்னாங்களே, அது அன்னையோட நின்னுச்சு” என்றார் ஒருவர்.

அவர் வீட்டில் நின்றது. பல வீடுகளில் அப்போதுதான் வேறு பேச்சு தொடங்குகிறது: யார் பக்கத்திலிருந்து வந்தது?

இதைச் சற்று நின்று பேசவேண்டும். நம் ஜனங்களுக்குள் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது எல்லாம் சாதாரணம். 2019–21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் சொந்தத்தில் திருமணம் செய்துகொண்ட பெண்கள் 11 சதவீதம். தமிழ்நாட்டில் 28, கர்நாடகத்தில் 27. எஸ்எம்ஏ என்கிற முதுகுத் தண்டுவடத் தசைநார் நோய், என்சைம் குறைபாட்டு நோய்களில் பல, எல்லாம் இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். பெற்றோருக்கு ஒரு குறையும் இருக்காது. ஆளுக்கு ஒரு பழுது, ஆளுக்கு ஒரு நல்லது, நல்லது காப்பாற்றிவிடுகிறது. அப்படிப்பட்ட இருவருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்தவர்கள் மணந்துகொண்டால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சொந்தமே இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. எப்படிப் பார்த்தாலும் இதில் அப்பா பங்கு சரிபாதி. ஆனாலும் சாமியாடியிடம் போய் நிறுத்தப்படுவது மருமகள்தான்.

டுஷேனில் கதை வேறு. பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். “உன் ரத்தம்தானே” என்று சொல்ல ஆள் காத்திருக்கும்போது இந்த அறிவியல் தப்பான கையில் கிடைத்த கத்திதான். அவர்களுக்கு மீதி அறிவியலையும் சொல்லவேண்டும்: ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பழுது புதிதாக உண்டானது, அம்மாவிடம் அது கிடையாது. மற்ற இரண்டு பங்கிலும், தன் கண் நிறம் மாதிரித் தனக்குத் தெரியாமலே வந்த ஒன்றுக்கு ஒருத்தி என்ன பதில் சொல்ல முடியும்?

பரிசோதனையில் கேரியர், அதாவது அந்தப் பழுதைச் சுமப்பவள், என்று வந்துவிட்டால் அம்மாவுக்கு இன்னொரு வேலை சேர்கிறது. அவளுக்குத் தங்கை இருக்கிறாள், சித்தி மகள் இருக்கிறாள். அவர்களில் யாராவது மூன்று மாதக் கர்ப்பமாக இருப்பாள். அந்தச் சமயத்திலேயே கருவைச் சோதித்துப் பார்க்க முடியும். சொன்னால் சுபகாரியத்தில் அபசகுனம். சொல்லாவிட்டால் பிறகு ஆயுளுக்கும் கேள்வி. ஒரு அம்மா தங்கையிடம் சொன்னார். தங்கை அன்றோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்னொருவரின் தங்கை சோதித்துக்கொண்டாள். அவளிடம் அந்தப் பழுது இல்லை என்று வந்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்து அழுதிருக்கிறாள், தனக்கு இல்லாததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல. மருத்துவமனை நெறிமுறையில் இதற்கு ‘மரபணு ஆலோசனை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தமிழில், நிதானமாக, மாமியார் வெளியே நிற்கும்போது சொல்லக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இன்னும் ஒன்று. கேரியராக இருக்கும் அம்மாவின் இதயத் தசையும் காலப்போக்கில் பலவீனப்படலாம். அவ்வப்போது எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் நிபுணர்கள். பிள்ளையின் எக்கோ ரிப்போர்ட் வருடவாரியாக அடுக்கிவைத்திருந்த ஒருவரிடம் உங்களுடையது எங்கே என்று கேட்டோம். சிரித்தார். அவ்வளவுதான் பதில்.

பணத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, பிற பத்திரிகைகளும் எழுதுகின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன். டெல்லியில் ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் மகனுக்காக 2014-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கோஷே என்ற அரிய நோய்க்கான என்சைம் சிகிச்சையை அரசு இலவசமாகத் தரவேண்டும். அதுபோன்ற வழக்குகளின் அழுத்தத்தில் கடைசியாக 2021-இல் தேசிய அரிய நோய்கள் கொள்கை வந்தது. தேர்ந்தெடுத்த உயர்நிலை மையங்களில் பதிந்துகொண்டால் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. பெங்களூரில் அந்த மையம், மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும் சேர்ந்தது. ஐம்பது லட்சம் பெரிய தொகையாகத் தோன்றும். என்சைம் மருந்தின் அளவு உடல் எடைக்குத் தக்கபடி கூடும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை இரண்டு கிலோ ஏறினால் சந்தோஷப்படவேண்டிய தாய் மனக்கணக்குப் போடத் தொடங்குகிறாள்.

நல்ல செய்தியும் உண்டு. எஸ்எம்ஏ-வுக்கு வாயால் குடிக்கும் மருந்து ரிஸ்டிப்ளாம். ஒரு புட்டி ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று அதையே தயாரிக்க முன்வந்து, காப்புரிமை வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில் தடை நீங்கியது. விலை 15,900 ரூபாய். எண்ணைத் தப்பாக அச்சிடவில்லை. இதற்காகப் பல வருடம் நீதிமன்றப் படி ஏறியவர்களில் நோயாளிகளும் உண்டு, பெற்றோரும் உண்டு. மருந்து விலை என்பது விதி அல்ல என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு உதாரணம் எனக்குப் போதும்.

மருந்து இருக்கிற நோய்கள் கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றுக்கு மருந்தே இல்லை. அந்த வீடுகளில் நடப்பது ராத்திரி வேலை.

தானாகப் புரண்டு படுக்க முடியாத பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். இரும முடியாதவனுக்குத் தொண்டையில் சளி கட்டும். சக்‌ஷன் மெஷினில் குழாய் விட்டு எடுக்கவேண்டும். மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியின் முகமூடி விலகினால் அலாரம் அடிக்கும். கரெண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுக்கிறதா என்று காது தானாகக் கவனிக்கும். பெங்களூரில் மே மாத மழைக்கு மரம் விழுந்து கரெண்ட் போவது செய்தியே அல்ல, நமக்கு மெழுகுவத்தி சமாச்சாரம். அந்த வீட்டில் அம்மா பெஸ்காம் மின்வாரிய நம்பரைக் காதில் வைத்துக்கொண்டு, பேட்டரியில் மீதியுள்ள கோடுகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாள். காலையில் மூக்குக் குழாயில் கஞ்சி. மூத்தவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். அவளுக்கும் பரீட்சை இருக்கிறது, அவள் மார்க்கை யாரும் கேட்பதில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது நாற்பது கிலோ. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்குத் தூக்குவது யார்? அப்பா வேலைக்குப் போயிருப்பார், போகவேண்டும், இன்சூரன்ஸே அந்த வேலையில்தான் இருக்கிறது. வெளியே நின்று போராடுபவர் அப்பா, உள்ளே விழித்திருப்பவர் அம்மா என்று பெரும்பாலான வீடுகளில் பிரிந்துவிடுகிறது. இரண்டையும் ஒருத்தியே செய்கிற வீடுகளும் பார்த்தோம். அங்கே அப்பா எங்கே என்று கேட்கக்கூடாது என்று போன ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவர்களைத் தெய்வம் என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், இடுப்புவலி வராது, பிள்ளைமேல் எரிச்சலும் வராது. எரிச்சல் வந்த ராத்திரியை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறார்கள் இவர்கள். “தாங்குறவங்களுக்குத்தான் ஆண்டவன் கொடுப்பான்” என்பதைக் கேட்டு அலுத்துப்போன ஒரு அம்மா, விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு வியாழக்கிழமை தவறாமல் போகிறவர், சொன்னார்: “நான் தாங்கறேன்னு யார் சொன்னாங்க அவர்கிட்ட?”

தூக்கம் என்றதும் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. 1982-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஃபிரான்செஸ் டாமினிகா என்ற கன்னியாஸ்திரி அதைத் திறந்தார். மூளைக்கட்டி அறுவைக்குப் பின் செயலிழந்த ஹெலன் என்ற சின்னக் குழந்தையைப் பெற்றோர் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பழகிய டாமினிகா, குழந்தையை அவ்வப்போது நான் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்றார். குழந்தைகளுக்கான உலகின் முதல் ஹாஸ்பிஸ் அந்த யோசனையிலிருந்துதான் பிறந்தது. பெயர் ஹெலன் ஹவுஸ். சாகப்போகிறவர்களை விடும் இடம் என்று நாம் நினைக்கும் ஒன்று, முதலில் ஒரு அம்மா தூங்குவதற்காகத் தொடங்கப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் வலிநிவாரண சிகிச்சை என்றாலே ‘கையை விரிச்சுட்டாங்க’ என்று அர்த்தமாகிவிட்டது. அப்படி இல்லை. நோய் தெரிந்த நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத் தரவேண்டியது அது: வலி, மூச்சு, தூக்கம், அம்மாவின் மனசு எல்லாம் அதில் அடக்கம். பெங்களூரில் கருணாஶ்ரயா 1994-இல் அறக்கட்டளையாகத் தொடங்கி, 1999 முதல் புற்றுநோயாளிகளைத் தங்கவைத்துக் கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஹெப்பாலில் உள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனையில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழு இருக்கிறது, தசை நோய்ப் பிள்ளைகளுக்குத் தனி கவனிப்பும் உண்டு. சென்னையில் கோல்டன் பட்டர்ஃபிளைஸ் குழந்தைகளுக்காகவே நடக்கிறது. திருச்சூரில் ஷீபா அமீர் என்ற தாய், ரத்தப் புற்றுநோயோடு வருடக்கணக்கில் போராடிய தன் மகளைப் பார்த்துக்கொண்டே 2007-இல் ‘சோலேஸ்’ தொடங்கினார். மருந்துக்கும் அரிசிக்கும் மற்ற அம்மாக்கள் கையேந்தக்கூடாது என்பதற்காக. எல்லாம் சேர்த்தாலும் தேவையில் ஒரு மூலைதான். டுஷேன் பையனை ஒரு வாரம் நம்பி விட்டுவிட்டு, அம்மா ஊருக்குப் போய்த் தன் அம்மா மடியில் படுத்துவிட்டு வரக்கூடிய இடம் நம் நகரத்தில் தெருவுக்குத் தெரு வேண்டாம், பேட்டைக்கு ஒன்றாவது வேண்டாமா?

அரசாங்கங்கள் மெல்ல அம்மா பக்கமும் திரும்பிப் பார்க்கின்றன. கேரளம் ‘ஆஸ்வாசகிரணம்’ என்று பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய் தரும் திட்டத்தை முன்பே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் தசைச் சிதைவு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய். கர்நாடகம் 2024–25 பட்ஜெட்டில் தசைச் சிதைவு, மூளை முடக்குவாதம் போன்றவை உள்ளவர்களைக் கவனிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவித்தது. ஒரு மாத டயப்பர் செலவு இதைத் தாண்டும். இருந்தாலும், வீட்டில் அவள் செய்வது வேலை என்று ஒரு அரசாணை ஒப்புக்கொள்கிறதே, அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் பேசியது. எலும்பு எளிதில் முறியும் அரிய நோயுள்ள மகனுக்காக விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட இமாச்சலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கு. மாற்றுத்திறன் குழந்தையின் தாய்க்கு விடுப்பு மறுப்பது, பெண்களை வேலையிலிருந்தே விரட்டுவதாகும் என்ற வகையில் நீதிபதிகள் சொன்னார்கள். தனியார் கம்பெனி அம்மாக்களுக்கு இந்தத் தீர்ப்பால் பலன் இல்லை. நம் வாசகர்களில் கம்பெனி மேலாளர்கள் நிறைய இருக்கிறீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எல்கேஜி சேர்க்கைக்கே பிள்ளையின் பதினைந்து வருடத்துக்கு அப்புறமான எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிற நகரம் இது. அந்த எதிர்காலம் இல்லை என்று தெரிந்தபின் பிள்ளை வளர்ப்பது எப்படி? எமிலி ராப் என்ற அமெரிக்க எழுத்தாளர், டே-சாக்ஸ் நோயோடு பிறந்த தன் மகனைப் பற்றி 2011-இல் இதைத்தான் கேட்டு எழுதினார். மூன்று வயது ஆவதற்குள் அவன் போய்விட்டான். நாங்கள் சந்தித்த அம்மாக்கள் அவர் பேரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் மகனுக்குக் கணக்கு டியூஷனை நிறுத்திவிட்டார். அவன் கேட்டபடி கர்நாடக பஸ் ரூட்டுகளை மனப்பாடம் செய்யவைக்கிறார். அவன் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எந்த பிளாட்பாரம் என்று சொல்கிறான். இன்னொருவர் மகனை டிகிரி வரை படிக்கவைத்தே தீருவேன் என்று, பரீட்சை எழுதிக்கொடுக்கும் ஸ்க்ரைப் தேடி அலைகிறார். இரண்டு பேருமே சரி. “எவ்வளவு நாள்னு டாக்டர் சொன்னாங்க?” என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். “இப்ப என்ன விளையாடறான்?” என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

பிள்ளை போனபின் நடப்பதையும் ஒரு கட்டுரை சொல்கிறது. மெஷின்களை யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். பழக்கத்தில் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. சொந்தக்காரர்கள் “உனக்கும் விடுதலை” என்கிறார்கள். தயவுசெய்து அந்த வார்த்தையை யாரும் சொல்லவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெங்களூரில் இருக்கும் வாசகர்களில் மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் உங்கள் பேட்டையின் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்து, அவர்களும் சம்மதித்தால் சேர்த்துவைக்கிறோம். சக்‌ஷன் மெஷினைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் எழுதலாம். மூத்தவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, மருந்துக் கடைக்குப் போய்வர, பையனோடு உட்கார்ந்து பஸ் ரூட் கேட்க ஆட்கள் வேண்டும். தமிழ் போதும், கன்னடமும் தெரிந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்